துரைக்குக் காலை எடுக்கலாமா?

வாடிப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பும் கொஞ்சம் வெள்ளாடும் வைத்திருக்கும் ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன். வீட்டில் எட்டு வயது ராஜபாளையம் ஆண் நாய், 29 கிலோ. பெயரை மாற்றித் துரை என்று வைத்துக்கொள்வோம். மாசியில் இடது முன்னங்காலை விந்தி நடக்க ஆரம்பித்திருக்கிறது. சுளுக்காக இருக்கும் என்று நினைத்து, ஊரில் சுளுக்கு வழிக்கிறவரிடம் கொண்டுபோய் இரண்டு தடவை எண்ணெய் போட்டு வழித்திருக்கிறார்கள். அப்புறம் மெடிக்கலில் வாங்கிய உடம்புவலி மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துச் சோற்றில் வைத்து, இன்று வரைக்கும் கொடுத்து வருகிறார்கள். சித்திரையில் மணிக்கட்டுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். மதுரையில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்புப் புற்றுநோய் மாதிரி இருக்கு, காலை எடுத்துட்டா சரியாப் போயிடும்" என்றாராம்.

இப்போது வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு. "மூணு காலோட வச்சுக் கொடுமைப்படுத்துறதுக்கு ஒரே ஊசியில அனுப்பிடலாம்" என்கிறார் அப்பா. சிறுமலை அடிவாரத்தில் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்கிறார் மச்சான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் நாயைக் கட்டிக்கொண்டே திரிகிறாளே, அவளுக்குத் தொற்றிவிடுமோ என்று மனைவிக்குப் பயம். இவருக்கோ காலை எடுக்கத்தான் ஆசை. பஸ்ஸில் அடிபட்டு ஒரு கால் போன தெருநாய் ஒன்று டீக்கடை வாசலில் ஆறு வருஷமாக ஜம்மென்று ஓடித் திரிகிறது, அதுபோலத் துரையும் இருப்பான்தானே என்று கேட்கிறார். போன வருஷம் பைக் இடித்ததால் வந்த வினையா, செயற்கைக் கால் வைக்கலாமா, துணைக்கு இன்னொரு குட்டி வாங்கலாமா என்று இன்னும் சில கேள்விகளும் இருக்கின்றன.

தம்பி, எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மாத்திரையை இன்றைக்கே நிறுத்துங்கள். நீங்கள் அனுப்பிய அட்டைப் படத்தில் இருப்பது டைக்ளோஃபெனாக். கால்நடைகளுக்கு அதைப் போடுவதை 2006-லேயே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். தடை வந்தது பாறுக் கழுகுகளுக்காகத்தான், மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததால். ஆனால் நாயின் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும்கூட அது ஆகாது. நடுவில் "மலம் கன்னங்கரேல்னு போகுது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள், எனக்குக் கடிதம் முழுக்க அந்த வரிதான் கண்ணை உறுத்தியது. அது வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், என்ன மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாள் என்று. நாய்களுக்குக் கொடுக்கிற மெலாக்ஸிகாம் போன்ற வலிமருந்தைக்கூட இதன் மேலேயே உடனே தொடங்கக் கூடாது, சில நாள் இடைவெளி விட வேண்டும். அதுவரை வலிக்கு கபாபென்டின் மாதிரி வேறு வகை மருந்து உண்டு, எடைக்குத் தக்கபடி அவரே அளவு சொல்வார். வாந்தியில் இரத்தம் வந்தாலோ ஈறு வெளுத்தாலோ மறுநாள் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

சுளுக்கு வழிப்பதும் வேண்டாம். புற்று அரித்த எலும்பு உள்ளே பொத்தலாகிக் கிடக்கும், அழுத்தி இழுத்தால் முறிந்துவிடும். திண்ணையிலிருந்து குதித்தாலே முறிகிற நிலை வரலாம் என்பதால், முடிவெடுக்கும் வரை துரையைக் கயிற்றில்தான் வெளியே கூட்டிப் போக வேண்டும்.

மூன்று கால் சுலபம், நோய்தான் கஷ்டம்

நாய் மூன்று காலில் வாழுமா என்பதுதான் உங்கள் வீட்டில் நடக்கிற சண்டை. என்னைக் கேட்டால் இதில் பதில் சுலபமான கேள்வி அது ஒன்றுதான். வாழும். பெரும்பாலான நாய்கள் ஆபரேஷன் முடிந்த ஓரிரு நாளிலேயே எழுந்து நடக்கும், ஒரு மாதத்துக்குள் அதற்கென்று ஒரு நடை பழகிவிடும். உடம்பின் பாரத்தில் கிட்டத்தட்ட 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன, ஆகவே பின்னங்கால் போவதைவிட முன்னங்கால் போவது கொஞ்சம் சிரமம்தான். ஆனாலும் சமாளிக்கும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் இன்று சாயங்காலம் துரை வாசலில் நடக்கும்போது எதிரே நின்று அவன் தலையை மட்டும் பாருங்கள். வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல காலை ஊன்றும்போது கீழே இறங்கும். நின்றுகொண்டிருக்கும்போது அந்தக் கால் நுனியை மட்டும் தரையில் தொட்டுவைத்திருப்பான், பாரம் முழுக்க மற்ற மூன்று காலில் இருக்கும். அதாவது துரை மாசியிலிருந்தே மூன்று கால் நாய்தான். நாலாவது கால் இப்போது அவனுக்கு வலியை மட்டும்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறது. காலை வெட்டுவது கொடுமை என்று அப்பா சொல்லும்போது இதைக் காட்டுங்கள். ஊனம் என்று வெட்கப்படுவதோ ஊர் என்ன சொல்லும் என்று யோசிப்பதோ நாய்க்குக் கிடையாது, அதெல்லாம் நம் மனசில் இருப்பது.

இனி கஷ்டமான பக்கம். டீக்கடை நாய்க்குப் போனது கால் மட்டும். காயம் ஆறியதும் அதன் கதை முடிந்துவிட்டது, ஆயுசு முழுக்க ஓடலாம். துரைக்கு இருப்பது டாக்டர் சந்தேகப்படுகிற ஆஸ்டியோசார்கோமாவாக இருந்தால், அது காலோடு நிற்கிற நோய் கிடையாது. நாய்களுக்கு வருகிற எலும்புப் புற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். உயரமான, பெரிய நாய்களுக்கு அதிகம் வரும், நடுவயதைத் தாண்டிய நாய்களுக்கு இன்னும் அதிகம், மணிக்கட்டுக்கு மேலே வருவது அதற்கு மிகப் பிடித்த இடங்களில் ஒன்று. கண்டுபிடிக்கும் நேரத்தில் 100 நாய்களில் சுமார் 90-க்கு நோயின் விதைகள் இரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் எக்ஸ்ரேயில் அது தெரிவது சுமார் 10 நாய்களுக்குத்தான், சில மில்லிமீட்டராவது வளர்ந்தால்தான் படத்தில் விழும்.

ஆக "சரியாப் போயிடும்" என்று டாக்டர் சொன்னதை வலி சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அர்த்தத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மை. எலும்புப் புற்று வலிக்குக் காலை எடுப்பதைவிடப் பெரிய வலிமருந்து இல்லை. நோய் போய்விடுமா என்றால், பெரும்பாலும் போகாது. காலை மட்டும் எடுத்த நாய்களில் பாதி, நாலைந்து மாதத்துக்குள் இறந்துவிடுகின்றன, மீதிப் பாதி அதைத் தாண்டுகின்றன, ஒரு வருஷம் தாண்டுவது பத்தில் ஒன்று அளவில்தான். எடுத்த பிறகு கீமோவும் கொடுத்தால் இந்தப் பாதிக் கணக்கு பத்து பன்னிரண்டு மாதமாக நீளும், ஐந்தில் ஒன்று இரண்டு வருஷத்தையும் பார்க்கும்.

கேட்க வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் டீக்கடை நாயை மனதில் வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டு, ஐப்பசியில் அவன் இருமத் தொடங்கும்போது ஏமாந்துவிட்டோமே என்று நீங்கள் நொந்துபோவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கையெழுத்துப் போடும் முன்

சில சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். நெஞ்சு எக்ஸ்ரே, இரண்டு பக்கமும் படுக்க வைத்து ஒவ்வொன்று, நேராக ஒன்று, மொத்தம் மூன்று படம். அதில் நுரையீரலில் கட்டி தெரிந்துவிட்டால் நான் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கச் சொல்ல மாட்டேன். அந்த வீக்கத்திலிருந்து ஊசியால் கொஞ்சம் செல் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எலும்பில் வருகிற சில தொற்றுகளும் எக்ஸ்ரேயில் இதே மாதிரி காட்டும். அதில் தெளிவாகவில்லை என்றால் சதைப் பரிசோதனை. எப்படியிருந்தாலும் எடுத்த காலிலிருந்து ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம், ஈரலோடு பிளேட்லெட் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஆட்டுப்பட்டியில் படுக்கிற நாய், உண்ணி இல்லாமல் இருக்காது. உண்ணிக் காய்ச்சல் உள்ளே ஒளிந்திருந்து பிளேட்லெட் குறைந்திருந்தால் ஆபரேஷன் மேஜையில் இரத்தம் நிற்காது. அதற்கு மாத்திரை கொடுத்துச் சரிசெய்துவிட்டு அப்புறம் கத்தி வைக்கலாம். இடுப்பையும் மற்ற மூன்று கால் மூட்டுகளையும் மடக்கி நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், முக்கியமாக வலது முன்னங்காலை. முன்பக்கத்துப் பாரம் முழுக்க இனி அந்த ஒற்றைக் காலில்தான்.

எங்கே செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையிலேயே முடியும், தல்லாகுளத்தில் இருக்கும் அரசு கால்நடை மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். கீமோவோடு சேர்த்து யோசித்தால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி, இல்லையென்றால் சென்னை வேப்பேரி. தேனி வீரபாண்டியிலும் ஒரு கல்லூரி இருக்கிறது. எங்கே போவதானாலும் முதலில் போன் செய்து, அறுவை சிகிச்சை டாக்டர் இருக்கும் நாளைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இந்த வெயிலில் நாயை வண்டியில் ஏற்றிப் போய் வெறுங்கையோடு திரும்பாதீர்கள்.

செலவை மொத்தமாகக் கேட்காதீர்கள். சோதனைகள், ஆபரேஷன், கீமோ என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்று அப்போதுதான் யோசிக்க முடியும். கீமோவுக்குப் பொதுவாகக் கொடுப்பது கார்போபிளாட்டின், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, நாலிலிருந்து ஆறு தடவை. மனிதர்களுக்குப் போடுகிற அதே மருந்துதான், துரை எடைக்கு 450 மில்லிகிராம் குப்பி ஒன்று ஒரு தடவைக்குப் போதும். நாய்களுக்கு முடி கொட்டி உடம்பு உருக்குலைவதெல்லாம் அபூர்வம், ஓரிரு நாள் சாப்பாடு குறையலாம், வெள்ளை அணுக்கள் இறங்கலாம், அதனால் ஒவ்வொரு தடவைக்கு முன்னாலும் இரத்தம் பார்ப்பார்கள். ஊசி போட்ட அடுத்த சில நாள் அவன் சிறுநீர், மலத்தைக் கையுறை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும், மகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். மற்றபடி புற்றுநோய் நாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றாது, அவள் தாராளமாகக் கட்டிக்கொள்ளட்டும் என்று உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள்.

கீமோவுக்குப் பணம் இல்லை என்றால் ஆபரேஷனும் வீண் என்று நினைக்க வேண்டாம். நெஞ்சு சுத்தமாக இருந்து, மற்ற கால்களும் நன்றாக இருந்தால், காலை மட்டும் எடுப்பதே துரைக்கு நல்லது என்பதுதான் என் அபிப்பிராயம். மாத்திரையை மட்டும் நம்பிக் காலை வைத்துக்கொண்டிருந்தால் சில வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று மாதம், அதுவும் எலும்பு எப்போது முறியுமோ என்ற பயத்தோடு. சோலெட்ரோனிக் அமிலம் என்று ஒரு ஊசி உண்டு, எலும்பு அரிப்பைக் குறைத்துச் சில நாய்களுக்கு வலி தணிக்கும், ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவானால் அதைப் பற்றிக் கேளுங்கள்.

பைக் இடித்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஓட்டியவரைத் திட்டுவதை விட்டுவிடலாம். செயற்கைக் காலும் சரிவராது. முன்னங்காலைப் பொதுவாகத் தோள்பட்டை எலும்போடு சேர்த்தே எடுத்துவிடுவார்கள், மாட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது. தேவையும் படாது.

அப்பாவுக்கும் மச்சானுக்கும்

அப்பா சொல்வதை ஈரமில்லாத பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். நெஞ்சில் கட்டி தெரிந்தால், எலும்பு முறிந்துவிட்டால், மருந்துக்கும் வலி அடங்கவில்லை என்றால் அவர் சொல்கிற ஊசிதான் சரியான வழி, அதில் பாவம் எதுவும் இல்லை. ஆபரேஷன் செய்தாலும் ஒருநாள் அந்த முடிவு உங்களிடம் வரத்தான் போகிறது. மூச்சு இரைப்பு, இருமல், சாப்பாட்டை இரண்டு நாள் தொடாமல் இருப்பது, நீங்கள் தோப்புக்குள் நுழையும்போது எழுந்து வராமல் படுத்த இடத்திலேயே வாலை மட்டும் ஆட்டுவது, இவையெல்லாம் சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஊசியைக் கால்நடை மருத்துவர்தான் போட வேண்டும், முதலில் மயக்கம் கொடுத்துவிட்டு. யாரோ சொன்னார்கள் என்று சோற்றில் மருந்து வைக்கிற வேலை மட்டும் கூடாது.

மச்சானிடம் ஒன்றைச் சொல்லுங்கள். வளர்த்த நாயைப் பசியிலோ தாகத்திலோ துடிக்கும்படி கைவிட்டுவிட்டு வருவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், வலியோடு இருக்கிற ஒரு வீட்டு நாய் சிறுமலை அடிவாரத்தில் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று அவருக்கே தெரியும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு

முதல் இரண்டு நாள் பார்க்கச் சகிக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதி உடம்பு மழித்திருக்கும், தையல் நீளமாக இருக்கும், சுற்றிலும் கன்றிப்போயிருக்கும். வலிமருந்தின் மப்பில் இரவெல்லாம் முனகலாம். மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பொய் சொல்லி மறைக்க வேண்டாம். எழுப்பும்போது ஒரு துண்டை நெஞ்சுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடியுங்கள். காலைத் தூக்கிச் சிறுநீர் போகப் பார்த்து ஒரு வாரம் தடுமாறுவான், விழுவான், அப்புறம் அவனே ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்வான். சோற்றுத் தட்டை ஒரு முக்காலி மேல் வையுங்கள், தரையில் வைத்தால் ஒற்றை முன்னங்காலில் குனிவது சிரமம்.

தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாள், தோப்பும் வேண்டாம் ஆட்டுப்பட்டியும் வேண்டாம். இது கத்திரி வெயில் நேரம், ஈ மொய்த்து ஒரே நாளில் புண்ணில் புழு வைத்துவிடும். வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் கொசுவலை கட்டிப் படுக்க வையுங்கள். கழுத்தில் மாட்டிவிடுகிற புனலைப் பாவம் பார்த்துக் கழற்றிவிடாதீர்கள். மஞ்சள், வேப்பெண்ணெய், பினாயில் எதுவும் தையல் மேல் படக் கூடாது. தையலுக்குக் கீழே தண்ணீர் கோத்து மெத்தென்று வீங்கினால் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

முன் அறையில் டைல்ஸ் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று கால் நாய்க்கு வழுக்குத் தரை பெரிய எதிரி. அவன் நடமாடுகிற வழி நெடுக ரப்பர் பாயோ பழைய சாக்கோ விரியுங்கள், நகத்தையும் பாதத்துக்கு நடுவில் வளர்கிற முடியையும் அவ்வப்போது வெட்டிவிடுங்கள். எடையைக் கூட விடாதீர்கள், ராஜபாளையம் விலா எலும்பு லேசாகத் தெரிகிற மாதிரி இருந்தால்தான் அழகு, இனி அதுதான் ஆரோக்கியமும். பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரைக்கும் நடக்க விட வேண்டாம். ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அவனுக்கும் சுடும்.

முன்னங்கால்தான் நாய்க்கு பிரேக். ஏறுவது வந்துவிடும், இறங்குவதும் ஓடிப்போய்ச் சட்டென்று நிற்பதும் கடைசி வரை கொஞ்சம் தகராறுதான். உங்கள் தோப்புக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை என்றால் துரை திரும்பிப் போகும் முன்னால் நாலு பக்கமும் முள்வேலியாவது அடைத்துவிடுங்கள். மயிலை விரட்டிக்கொண்டு ஓடுகிற பழக்கம் உண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பழக்கம் காலோடு போய்விடாது.

கடைசியாகக் குட்டி விஷயம். வாங்குவதில் தப்பில்லை, துரை இருக்கும்போதே வந்தால் தோப்புக் காவலை அவனிடம் பார்த்துப் பழகிக்கொள்ளும். ஆனால் தையல் பிரித்து ஒரு மாதமாவது ஆகட்டும். இப்போது கொண்டுவந்தால் அது அவன் மேல் ஏறிக் குதித்துத் தையலைப் பிய்த்துவிடும். தடுப்பூசி போட்டு, உண்ணி மருந்து கொடுத்த பிறகே குட்டியை அவன் பக்கத்தில் விடுங்கள், கீமோ நடந்துகொண்டிருந்தால் அது முடியும் வரைக்கும் பொறுங்கள்.